உயிரோடு இருப்பதைக் காட்டும் நாள்

நான் உயிரோடு இருக்கிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அது அவருக்குத் தெரிந்தால் போதாது. வருஷம் ஒருமுறை கேப் கோஸ்ட் நகரத்துப் பென்ஷன் ஆபீஸில் நேரில் நின்று, விரல் வைத்து நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடும்.

எல்லாரும் அலுத்துக்கொள்ளும் அந்த வரிசைதான் எனக்குத் திருவிழா. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களை அங்கேதான் பார்ப்பேன். முன்பு ஒன்பது பேர் நின்றோம். போன வருஷம் நாலு பேர். வராதவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கென்கே என்கிற புளித்த சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் தின்றுவிட்டு வேனில் திரும்புவோம்.

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வீட்டில் ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்ல இரண்டே குரல்.

இந்த வருஷம் பாராளுமன்றம் பென்ஷனைச் சீர்திருத்தியது. இனி வீட்டிலிருந்தே போனில் முகம் காட்டினால் போதுமாம். நாடு கைதட்டியது. நான் எதிர்க்கட்சி. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் ரேடியோவை அணைத்தேன். என் மனைவி எகுவாவுக்குத் தெரிந்தால் என் திருவிழா போச்சு!

அந்த நாளும் வந்தது. காலணி மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க, அரபா அப்பா?"

"உயிரோட இருக்கேன்னு காட்டத்தான்."

"யாருக்கு?"

"கவர்மெண்டுக்கு."

"அது வியாழக்கிழமையே பாத்துடுச்சே."

"என்னது?"

"மக அரபா பேசுறா, சிரிங்க, கண்ணை மூடித் திறங்கன்னு போனை நீட்டுனேன்ல?"

பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தேன். 'சாப்பிட்டியாம்மா?' என்று மூன்று முறை கேட்டேன். பதில் வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன்.

"அப்ப அரபா...?"

"அவ கூப்பிடலீங்க." எகுவாவின் குரல் தணிந்தது. "கூப்பிட்டு மூணு வாரமாச்சு."

"பொய் சொல்லலாமா? சர்ச்சுல முன்வரிசையில உக்கார்றவ!"

"ரேடியோவை அணைச்சீங்களே, அது மட்டும் ஜெபமா?"

உட்கார்ந்துவிட்டேன். "வரிசையில ஃபீஃபியும் ஈபோவும் காத்திருப்பாங்க, எகுவா. வருஷத்துக்கு ஒரு நாள்தான்."

"அந்த ஒரு நாள் எனக்கு இந்த வீட்டுல யாரு இருக்கா? சுவத்தோட பேசிட்டிருப்பேன்."

இருபது வருஷமாக அது எனக்குத் தோன்றவேயில்லை.

"அவங்களும் போக மாட்டாங்க," என்றாள். "அவங்க வீட்டுக்காரிங்களும் போன்ல முடிச்சுட்டாங்க. சர்ச் பெண்கள் சங்கத்துல எல்லாரும் சேர்ந்துதானே கத்துக்கிட்டோம்."

"அப்ப... இனிமே எங்களுக்குச் சந்திப்பே இல்லையா?"

"பதினோரு மணிக்கு எல்லாரும் ஜோடியா இங்க வர்றாங்க. எழுந்திருங்க, ஒரு கூடை மீன் கிடக்கு. செதில் எடுக்கணும்."