மைனஸ் ஒன்பதும் தோல் உரிக்கும் ஆசானும்

தாய்லாந்தின் ரோய் எட் ஊர்ச் சந்தையில் அன்று பப்பாளிச் சாலட் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்தக் கூட்டமும் ஆசான் தோங்தீயின் பந்தலில். கிட்டப்பார்வை என்பது கண்மேல் படர்ந்த கர்மத் தோலாம். மந்திரம் சொல்லி விரலாலேயே உரித்துவிடுவாராம். எண்ணூறு பாட். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து என்று நினைத்துவிடாதீர்கள்; ஒரு கண்ணுக்கு.

நிபந்தனை ஒன்றுதான்: மூக்குக்கண்ணாடி, லென்ஸ் எல்லாம் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். உரித்த தோலை ஆசான் ஒரு முழம் தள்ளிக் காட்டுவார். அந்தத் தூரத்தில் ஆசானின் மூக்கே தெரியாதவர்கள், தோல் மட்டும் தெரிந்துவிட்டதாகக் கைகூப்பினார்கள்.

பந்தல் ஓரத்தில் வாருனீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் தக்ரோ அணியின் தலைவி. வலைக்கு மேல் எகிறிப் பந்தைக் காலால் உதைக்கிற துக்தாதான் அணியின் பலம். துக்தாவுக்கு மைனஸ் ஒன்பது. நேற்று தோலை உரித்துக்கொண்ட கையோடு லென்ஸ் டப்பாவைக் குப்பையில் எறிந்துவிட்டாள். நாளை மறுநாள் இறுதி ஆட்டம். அவ்வளவு பவர் உள்ள கண்ணில் விழித்திரை மெல்லிசாக இருக்கும், பந்து வருவது தெரியாமல் முகத்தில் வாங்கினால் பார்வையே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டரிடம் மந்திரம் இல்லாததால் அவர் பேச்சு எடுபடவில்லை.

"இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுதுக்கா," என்றாள் துக்தா.

"காலையில யாருக்குடி கும்பிடு போட்ட?"

"நடுவருக்கு."

"அது தண்ணி டிரம்மு."

"கொஞ்சம் குண்டாயிட்டாரோன்னு நெனச்சேன்."

வாருனீயும் லென்ஸ்காரிதான். வாழையிலையில் கிடந்த 'தோலை'க் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் பொடியாக 1, 2, 3. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரிவதற்காகக் கம்பெனிக்காரன் அச்சடித்தது.

"இது லென்ஸுங்க. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதியிருக்கு பாருங்க."

கூட்டத்தின் காதில் எண் மட்டும் விழுந்தது. அரை மணியில் 123-ல் முடிகிற லாட்டரிச் சீட்டு சந்தையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"உனக்குப் பொறாமைக்கா," என்றாள் துக்தா. வாருனீக்குச் சுருக்கென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பயிற்சியாளர் சமானைக் கூட்டிவந்தாள்.

சமான் தெற்கிலிருந்து வந்தவர், ஊருக்குப் புதுசு. நாற்காலியில் உட்கார்ந்து இடது கண்ணைக் காட்டினார். ஆசான் முணுமுணுத்தார், தேய்த்தார், இழுத்தார், ஒரு 'தோலை'த் தூக்கிக் காட்டினார்.

"ரொம்பத் தடிச்ச தோலு. போன ஜென்மத்துல நெறைய பாவம் பண்ணியிருக்கீங்க."

"இந்த ஜென்மத்துலயும் கொஞ்சம் இருக்கு, ஆசானே."

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல."

"அதான் என் கைராசி. இப்ப எப்படித் தெரியுது?"

"முன்ன தெரிஞ்ச மாதிரியே."

கூட்டம் கைதட்டியது. துக்தா மட்டும் தட்டவில்லை. சமானின் இடது கண் கதை ஆட்டக்காரிகளுக்குத் தெரியும்.

சமான் அந்தக் கண்ணைக் கழற்றி ஆசானின் உள்ளங்கையில் வைத்தார்.

"இருபது வருஷமா இது பொய்க்கண்ணு. சாதாரண மூக்குக்கண்ணாடியோட ஆடினேன். பந்து பட்டு உடைஞ்சு குத்திடுச்சு. இதுல எப்படி ஆசானே தோலு வளர்ந்துச்சு?"

"ஆவி..." என்று ஆரம்பித்த ஆசான் இன்னொரு கையை மேலே தூக்கினார். விரல் இடுக்கிலிருந்து இன்னும் நாலு 'தோல்' உதிர்ந்தது. கண்ணை மேசையில் போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம்.

"அக்கா, உன் லென்ஸைக் குடு, ஆடிப் பார்க்கிறேன்," என்றாள் துக்தா, தலையைக் குனிந்தபடி.

"ஒருத்தர் லென்ஸை இன்னொருத்தர் போடக்கூடாதுடி. கடைக்கு வா, உன் பவருக்கே வாங்கலாம். போடறதுக்கு முன்ன சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. உன் ஆசான் ஒருநாளும் கழுவல."

இதற்குள் ஓர் அம்மாள் மேசையிலிருந்த பொய்க்கண்ணுக்கு ஊதுவத்தி கொளுத்திவிட்டாள். இரண்டு பேர் மாலை வாங்க ஓடினார்கள். சமான் கண்ணை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதைக் கும்பிட்டு என்னம்மா ஆகப்போகுது? இது பார்க்காத கண்ணு. உங்க கிட்ட பார்க்கிற கண்ணு ரெண்டு இருக்கு. காசும் குடுத்து அதை எதுக்கு மூடிக்கிறீங்க?"