வைஃபைக்குப் பந்தி வைப்பவர்

கல்யாணப் பந்தியில் ஒருவர் நிற்பார், பார்த்திருப்பீர்கள். கரண்டியைத் தொடமாட்டார், ஆனால் யாருக்குக் கறி, யாருக்கு வெறும் குழம்பு என்று கையாலேயே காட்டிக்கொண்டிருப்பார். கல்யாணம் இல்லாத மாதங்களில் அவர் என்ன செய்வார் என்று யோசித்ததுண்டா? வீட்டு வைஃபை பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

லப்பைக்குடிக்காடு அப்துல் சுக்கூர் அந்த இனம். துபாயில் ஒரு சரக்குக் கிடங்கு வாசலில், எந்த லாரி முதலில் உள்ளே வரலாம் என்று கைகாட்டியே காலம் தள்ளியவர். ஊர் திரும்பியபின் கைகாட்ட லாரி இல்லை. மனுஷன் என்னதான் செய்வார்? நெரிசல் நேரத்தில் எந்தப் போனை முன்னால் விடுவது, எதற்கு எவ்வளவு வேகம் என்று வீட்டு வைஃபை பெட்டிக்குள்ளேயே திட்டம் போடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

முறை பார்த்துத்தான் பிரித்தார். மூத்த மகளை அரும்பாவூரில் கட்டிக்கொடுத்த வகையில் மருமகன் தவ்ஹீதுக்கு உச்ச வேகம். மருமகனின் தம்பி ஜெயங்கொண்டத்தில் பெண் எடுத்து, அந்தப் பெண் சுக்கூரின் மனைவி ஆயிஷா பீவிக்கும் தூரத்து உறவாகிப் போனதால் அவனுக்கு ஒரு படி கீழே. ஆயிஷா பீவிக்கு நடு வேகம், ஏனென்றால் சோறு அவள் கையில். பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக்கு நத்தை வேகம். எல்லாம் சரி. வரிசையின் கடைசியில், வெளியாட்களுக்கென்று 'விருந்தாளி' என ஒரு தனி இணைப்பு இருந்தது. சுக்கூர் பதறிவிட்டார்.

"யா அல்லா! விருந்தாளியக் கடைசிலயா ஒக்கார வைப்பாங்க? எந்த ஊர்க்காரன் செஞ்ச பொட்டிடி இது?"

தூக்கி முதலில் வைத்தார். மருமகனுக்கும் மேலே. சலாம் சொல்லி வந்தவருக்கெல்லாம் தண்ணீரோடு பாஸ்வேர்டும் கொடுத்தார்.

இளைய மகள் பெனாசிருக்கு அன்று வீடியோவில் இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இது கிடைக்காவிட்டால் வருகிற வரனுக்குத் தலையாட்ட வேண்டும் என்பது வீட்டில் பேசி வைத்த பேச்சு. முதல் கேள்விக்கே படம் உறைந்தது. "சார், கேக்குதுங்களா?" யாருக்குக் கேட்கும்?

சுக்கூர் டிவியை அடக்கினார், மனைவியின் போனை அடக்கினார், தன் போனையும் அடக்கினார். அசையவில்லை. வாசல்படியில் எட்டிப் பார்த்தால், தெருப் பையன்கள் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள். யார்? விருந்தாளிகள்.

"அத்தா, அவனுங்கள நிறுத்துங்க!"

"வாசலுக்கு வந்தவங்கள எப்புடிம்மா போகச் சொல்றது?"

"அப்ப நானும் இந்த வூட்டுக்கு விருந்தாளியா வந்துட்டேன்னு வச்சுக்கங்க." வீட்டு இணைப்பைத் துண்டித்து விருந்தாளி இணைப்பில் நுழைந்தாள். படம் கண்ணாடி மாதிரி தெளிந்தது.

எதிர்முனைக்காரர் கேட்டார்: "ஒரே நேரத்துல பல வேலை வந்து நின்னா, எதை முதல்ல எடுக்கணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

பெனாசிர் திரும்பி, கதவோரம் நின்றவரைப் பார்த்தாள்.

"எங்க அத்தாகிட்ட யோசன கேட்டுட்டு, அதுக்கு நேர்மாறாச் செஞ்சிருவேன் சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேலை கிடைத்தது. சுக்கூர் இப்போது பெரம்பலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எம் பேரச் சொல்லித்தாங்க புள்ளைக்கு வேல கெடச்சுச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் சார்ஜர் கேட்டபோது, ஏறிக்கொண்டிருந்த உங்கள் பிள்ளையின் போனைப் பிடுங்கிவிட்டு அவருடையதைச் செருகினீர்களே, பிள்ளையின் முகத்தைப் பார்த்தீர்களா?