யார்கிட்டயும் சொல்லாதே

"வியாழன் காலை பத்து மணி. காது டாக்டர்," என்று சமையலறைப் பெட்டி கணீரென்று சொன்னதும், குறைகேட்பு அதிகாரிக்குக் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

அதை அவர் அலுவலகம் கொடுத்த தன் போனில்தான் குறித்திருந்தார். வீட்டிலுள்ள எல்லார் போன் காலண்டரையும் மகள் இந்தப் பேசும் பெட்டியோடு இணைத்துவிட்டது அவருக்குத் தெரியாது.

நகராட்சியில் பொதுமக்கள் போனில் சொல்லும் குறைகளைக் கேட்பதுதான் அவர் வேலை. போன மாதம் ஒருவர் "தண்ணி வரலை" என்றது "பன்னி வருது" என்று காதில் விழ, வலையோடு நாலு ஆளை அனுப்பிவிட்டார். குறை கேட்கிறவருக்கே காது கேட்கவில்லை என்று மேனேஜருக்குத் தெரிந்தால் போச்சு, மறுநாளே பழைய ஃபைல் அறைதான். அங்கே ஜன்னல்கூடக் கிடையாது.

"என்னங்க, யாருக்குக் காது டாக்டர்?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"காது இல்லம்மா, கார் டாக்டர். மெக்கானிக்கைச் சொல்லுது."

"நம்மகிட்ட ஏது கார்? எனக்கே காது குத்துறீங்களா?"

அவள் நகர்ந்ததும் அவர் பெட்டியிடம் குனிந்தார். "இந்தா பாரு, இதை யார்கிட்டயும் சொல்லாதே."

"சரி. 'காது டாக்டர், யார்கிட்டயும் சொல்லாதே' என்று மாற்றிக் குறித்துவிட்டேன்."

"அடப்பாவி!"

பெட்டி அதற்கு மேலும் ஏதோ சொன்னது. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. முதலில் இதன் வாயை அடக்க வேண்டும் என்று சத்தத்தைக் குறைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்சம் கூட்டினார். இன்னும் கொஞ்சம். கடைசியில் கிசுகிசுப்பதுபோல் காதில் விழுந்தது. இனி நமக்கு மட்டும்தான் கேட்கும் என்று நிம்மதியாகக் குளிக்கப் போனார். மாடி வீட்டில் யாரோ ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள்.

மறுநாளிலிருந்து ஓர் அதிசயம். எப்போதும் வாய்க்குள் முணுமுணுக்கும் மகள் பேசியது முழுசாகக் கேட்டது. அலுவலகத்தில் மேனேஜர் அந்தக் கோடியிலிருந்து "சாப்பிட்டாச்சா?" என்றதும் கேட்டது. போனில் வந்த குறைகளில் ஒன்றையும் அவர் தப்பாக எழுதவில்லை.

'காதுல ஏதோ அடைப்பு இருந்திருக்கு, தானா விட்டுருச்சு' என்று முடிவு கட்டினார். இனி நாற்காலி பிழைத்தது என்ற சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

புதன்கிழமை மாலை லிஃப்டில் இறங்கும்போது, போனை வாயருகே வைத்து, ரகசியமாகப் பேசுவதாக நினைத்துச் சொன்னார். "நாளைக்குக் காது டாக்டர், ரத்து பண்ணு."

லிஃப்ட் ஆபரேட்டர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில் கத்தினார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ரத்து பண்ணாதீங்க! அந்தக் குறிப்பு ஆபீஸ் காலண்டர்ல எல்லாருக்கும் வந்ததுலேருந்து, உங்க மேஜை போன்ல சத்தத்தைக் கூட்டி வைக்கணும், உங்ககிட்ட கத்தித்தான் பேசணும்னு மேனேஜர் உத்தரவு. நாளைக்குப் பத்து மணிக்கு அதே ஆஸ்பத்திரியில, பக்கத்து ரூம்ல, தொண்டை டாக்டரைப் பார்க்க மொத்த ஆபீஸும் வருது சார், உங்க வீட்டம்மாவையும் சேர்த்து!"