கட்டத்தாரின் நூறு மீற்றர்

வன்னியிலே, தான் எங்கே நிற்கிறேன் என்பது திட்டவட்டமாகத் தெரிந்த ஒரே மனிதர் கட்டத்தார்தான். மற்ற எங்களுக்கெல்லாம் இன்றைக்கு எந்த மரத்தடி, நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்றே தெரியாது. இடம்பெயர்ந்து அலைந்த காலம் அது.

மல்லாவியில் நாங்கள் வேலை செய்த நிவாரணக் கந்தோருக்கு, கிணறுகளைப் படத்தில் குறிக்கவென்று ஒரு வெள்ளைக்காரர் கையடக்க ஜீ.பி.எஸ். ஒன்றைக் கொண்டுவந்தார். அதனோடு வந்த புத்தகத்தின் அட்டையில் ஒருவன் பனிமலை ஏறிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கு இருந்ததெல்லாம் கறையான் புற்றுத்தான். கருவி, கந்தோரில் படம் கீறுகிற கட்டத்தார் கைக்குப் போனது. முதல்நாள் அது மல்லாவியைக் கடலுக்குள் காட்டியது.

"எங்கட படத்தின்ர கட்டத்துக்கு இதை மாத்தவேணும். இல்லாட்டி வெறும் மணிக்கூடுதான்," என்றார். சாப்பாட்டை மறந்து குந்தியிருந்து மாற்றியும் விட்டார். பிடித்தது சனி. அதன்பிறகு மனிதர் ஊர்ப்பெயரே சொல்வதில்லை, படத்துக் கட்டத்தின் இலக்கந்தான்; கட்டத்தார் என்ற பட்டமும் அதனால்தான். மருத்துவிச்சி வீடு எங்கே என்று பதறி ஓடிவந்தவனுக்கு ஆறு இலக்கம் எழுதிக் கொடுத்தார். அவன் வீட்டைக் கண்டுபிடிக்கமுன் பிள்ளை பிறந்துவிட்டது.

வன்னிக்குள் பற்றரி கொண்டுவரவோ அரசாங்கத்தின் தடை. செத்த பற்றரிகளை அவர் மிளகாயோடு வெயிலில் காயவைத்து உயிர்ப்பிப்பார். அப்படிச் சேமித்த உயிரில் பின்னேரங்களில் ஒரு நிமிடம் கருவியைப் போட்டு, கிளிநொச்சியில் விட்டுவந்த வீட்டின் பக்கம் அம்புக்குறி திரும்புவதைப் பார்ப்பார்.

"என்னண்ணை, வீடு எழும்பி நடந்தே போகப்போகுது?" என்று ஒருநாள் பகிடி விட்டேன்.

"வீடு போகாது தம்பி. அம்மா அங்க இருக்கிறா."

ஷெல் விழுந்த நாளில், நடக்கமாட்டாத தாயை ஏற்ற உழவு இயந்திரம் தேடிப் போனவர் அவர். திரும்பமுன் பாதை பூட்டிவிட்டது. பின்னால் வந்த சனம், அவா செத்துப்போனதையும், எரிக்க வழியில்லாமல் வளவுக்குள்ளேயே குழிவெட்டித் தாட்டதையும் சொன்னது.

பாதை திறந்ததும் அவரோடு நானும் போனேன். வீடில்லை, வேலியில்லை, கிணறும் தூர்ந்து கிடந்தது. மிதிவெடி எடுத்து முடித்த வெறும் தரவை. படத்தில் பார்த்து எடுத்த, வீடிருந்த கட்டத்தின் இலக்கத்தைக் கருவியில் போட்டு நடந்தார். ஓரிடத்தில் அது வந்தாயிற்று என்றது.

"இதிலதானே அண்ணை?" என்றேன்.

"ஆறு இலக்கம் ஒரு இடத்தைச் சொல்லாது தம்பி. நூறு மீற்றர் சதுரத்தைத்தான் சொல்லும். அதுக்குள்ள எங்கயோ அம்மா இருக்கிறா."

அளந்து நாலு மூலைக்கும் தடி நட்டார். கற்பூரத்தட்டை என் கையில் தந்துவிட்டு, சாம்பிராணியோடு அந்தச் சதுரத்தைச் சுற்றி முன்னே நடந்தார். சிரிப்பு வரவில்லை. தட்டைப் பார்த்து நடந்ததில், தடிக்குத் தடி போகும் கோட்டுக்கு உள்ளே விலகிவிட்டேன்.

"கோட்டிலயே நடவும் தம்பி," என்றார் திரும்பாமல். "அம்மாவை வெளியில விட்டிடாதையும்."

வன்னி முழுவதையும் சுற்றச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அந்த மனிதருக்குப் பின்னால் சுற்றியிருப்பேன்.