என் வீட்டுக்கு ஏழு சரணம்

திருவனந்தபுரத்தில் திவானின் கார் வந்தால் ஒதுங்கி நிற்பவர்கள் உண்டு. சரணம் சார் நடந்து வந்தால் கதவைச் சாத்தாதவர்கள் கிடையாது. எமனுக்குக்கூட நாங்கள் அவ்வளவு பயந்ததில்லை.

அவர் எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர். அடக்க ஆராதனைக்குப் பாட்டு ஏற்பாடு அவர் பொறுப்பு. யாராவது படுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும். அந்த வீட்டு வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை, பெட்டி தூக்குகிறவர்களைப் போல மெல்ல அடிவைத்து, முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போய், வழிக்கு எத்தனை சரணம் வேண்டும் என்று பார்த்துவிடுவார். ஒருமுறை தம்பானூர்ப் பக்கம் பாட்டு பாதி வழியில் தீர்ந்து, மீதி தூரம் வெறும் செருப்புச் சத்தத்தோடு பெட்டி போனதாம். அதிலிருந்துதான் இந்தக் கிறுக்கு.

அவர் அளந்த ஆள் பிழைத்ததில்லை என்று பேச்சு. வெறும் சளிக்குப் படுத்திருந்த மிளகாய் வியாபாரி ஒருவர், ஜன்னல் வழியே இவரைப் பார்த்ததும் எழுந்து கடைக்கே ஓடிவிட்டார்.

நான் அப்போது வக்கீல் ஆபீசில் ரைட்டர். டைபாய்டில் கிடந்தேன். பதினெட்டாம் நாள் காலை வாசலில் மெல்லிய பாட்டுக் கேட்டது. எட்டிப் பார்த்தால், மடக்கிய குடையோடு சரணம் சார். "மேரி, அவரை உள்ள விட்ராத" என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் மேரி துடைப்பத்தோடு வழியை மறித்தாள்.

"ஆளு உயிரோட கெடக்கும்போதே அளக்கியளே சார், நல்லாயிருக்கா?"

"கோவப்படாதம்மா. மூணு தரம் பாத்தாச்சு, ஏழு சரணம் வேணும். நம்ம ஆளுவளுக்கு நாலுதான் பாடம்." ஜன்னல் பக்கம் திரும்பி என்னை அதட்டினார். "ஓய் ரைட்டரே, இப்பப் போயிராதேயும், கேட்டோ. ஒம்மப் பாட்டில்லாமக் கொண்டுபோவ எனக்கு மனசில்ல."

நான் போகவில்லை. அதன்பின் எங்கே பார்த்தாலும் பயந்துகொண்டே கேட்பேன். "பாடமாயாச்சா சார்?"

"அஞ்சாவதுல தடுமாறுதானுவ. நீரு இரியும்" என்பார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து சரணம் சார் போனார். அவர் வீடு கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டியிருந்தது. அரைச் சரணத்துக்குக்கூட வழியில்லை. "எங்க வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன். யாரும் ஏனென்று கேட்காமல் பெட்டியைத் தூக்கினார்கள்.

திரும்பி வரும்போது ஏழு சரணத்தையும் ஒரு தடுமாற்றமில்லாமல் பாடினார்கள். பக்கத்தில் வந்த பாடகரிடம், எப்போது பாடமாயிற்று என்று கேட்டேன்.

"நீங்க காய்ச்சல்ல கெடந்தப்பவே, அந்த வாரத்துலயே பாடமாயிருச்சே ரைட்டரே" என்றார்.

அந்த மனுஷர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.