பின்சக்கரத்தில் சிக்கிய அரக்குப் பட்டு இழை

சேசு மரி சூசை

ஆரணி
5-12-78

மரியாதைக்குரிய மச்சான் சத்தியராஜ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் இன்னாசிமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும், உங்கள் தங்கை ரோசம்மாளும், மகள் ஆரோக்கியசெல்வியும் சுகம். தேசூரில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் கறவை மாடும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே சுகமில்லாதது என் சைக்கிள் ஒன்றுதான். அதன் வியாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடிக்கும்போது, உங்கள் மகன் கிருபாகரனுக்கு என் மகளைக் கொடுப்பதா வேண்டாமா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகையால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே படிக்காமல், உட்கார்ந்து படிக்கவும்.

நான் தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே சைக்கிளுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் ஏறுவேன். மற்ற நாட்களில் அது பின்கட்டில் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஸ்டாண்டில் நிற்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசகசாலைக்கு நான் நடந்தே போய் நடந்தே வருகிறேன். இப்படிக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த சைக்கிளின் பின்சக்கரம் சில வாரங்களாகக் கரகரவென்று சத்தம் போடுகிறது. போன ஞாயிறு பூசைக்கு நான் உள்ளே நுழையும் முன்பே சத்தம் நுழைந்து, சனமெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஏறாத சைக்கிள் எப்படித் தேயும் மச்சான்? எனக்குத் தெரியாமல் யாரோ ஏறுகிறான் என்றுதானே அர்த்தம்?

முதலில் நான் யார்மேலும் பழி போடவில்லை, சாம்பலைத்தான் போட்டேன். அடுப்புச் சாம்பலைச் சலித்து, பின்கட்டிலிருந்து தெருக்கதவு வரை தூவிவிட்டு வாசகசாலைக்குப் போனேன். திரும்பி வந்து குனிந்து பார்த்தால் டயர் தடம் ஒன்றுகூட இல்லை. வெறும் காலடிகள்தான் இருந்தன. வேறொருவனாக இருந்தால் சைக்கிள் வெளியே போகவில்லை என்று முடிவுகட்டி ஏமாந்திருப்பான். நான் ஏமாறவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தெருமுனையில் இறக்கி ஓட்டிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டே வந்து நிறுத்துகிறான் என்று புரிந்துகொண்டேன். அந்த அளவுக்குத் தோள்பலம் என் வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் யாருக்கு இருக்கிறது? ஆரணியில் ஆபீஸ் வேலை கிடைத்து, ரூம் எடுத்துத் தங்கி, நாள் தவறாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தை வீட்டுக்கு வருகிற உங்கள் மகனுக்குத்தான். சரியாக நான் வாசகசாலைக்குக் கிளம்பிய பிறகுதான் அவனுக்குப் பசிக்கிறது என்பதையும் கவனிக்கவும்.

எதிர்வீட்டு நெசவுக்காரர் அய்யாக்கண்ணுவும் இதில் கூட்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் பெண்சாதி ரங்கம்மாள் வழுக்கி விழுந்து கை முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கவலை அவருக்கு இல்லை. என்னைத் தெருவில் பார்த்தால், "சார், சைக்கிளு நல்லா கீதுங்களா? சக்கரம் சுத்துதுங்களா?" என்று கேட்கிறார். என் ரத்தக்கொதிப்பைப் பற்றி இந்தத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. ஒருவேளை என்மேல் பழைய கோபமோ என்னவோ. முன்பு ஒருமுறை அவர்கள் வீட்டில் இடம் போதவில்லை, ராட்டையை உங்கள் பின்கட்டில் போட்டுக்கொள்ளட்டுமா என்று ரங்கம்மாள் கேட்டதற்கு, தலைமையாசிரியர் வீட்டில் ராட்டைச் சத்தம் கேட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

சைக்கிள் கடை முருகேசனிடம் விட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் தங்கையும் அதையேதான் சொன்னாள். "நீங்க ஏங்க பிரிச்சுகினு பேஜார் படறீங்க, ஜல்தியா கடையில குட்த்துட்டு வந்துடுங்க," என்று காலை மாலை இரண்டு வேளையும் சொன்னாள். போனேன். முருகேசன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வுட்டுட்டு போங்க சார், சாயங்காலம் வந்து எட்த்துகினு போங்க," என்றான். ஏன் சாயங்காலம், என் கண்முன்னால் செய்தால் என்ன என்று கேட்டேன். "நீங்க நின்னுகினு பாத்தா எனக்குக் கை ஓடாது சார்," என்கிறான். நேர்மையான கை ஏன் ஓடாது? என் ஹப்பில் இருப்பது பழைய காலத்துச் சீமை எஃகுக் குண்டுகள். அதை எடுத்துக்கொண்டு வேறு எதையோ போட்டுவிடுவான் என்று தெரிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நானே பிரிப்பது என்று முடிவு செய்தேன். சக்கரத்தின் நடுவில் ஹப், அதற்குள் அச்சு, அச்சின் இரண்டு பக்கமும் கோன் என்று ஒரு திருகுமூடி, அதற்கு அடியில் வட்டமாகக் குண்டுகள், இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு முருகேசன் எதற்கு? ஆனால் கோனைத் திருக மெல்லிசான ஸ்பேனர் வேண்டும். என்னிடம் இருப்பது தடிமன், இடுக்கில் நுழையவில்லை. கடைக்குப் போய்க் கேட்டால் முருகேசன் காதுக்குப் போகும். யோசித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் போனபோது உங்கள் தங்கையின் தோசைத் திருப்பி கண்ணில் பட்டது. எனக்கு வேண்டிய அதே மெல்லிசு, நல்ல இரும்பு. அதன் வாயில் அரத்தால் ராவி ராவி ஒரு பள்ளம் வெட்டினேன். கோனில் அப்படியே கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் தோசை நடுவில் ஒரு கோடு விழுந்து, இரண்டாகப் பிய்ந்துதான் தட்டுக்கு வருகிறது. அதற்கு உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விருப்பமில்லை.

அச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டுமே. தெருக்கதவின் கீல் பக்கத்து இடுக்கில் அச்சைச் செருகி, செல்வியைக் கதவின்மேல் சாய்ந்து நிற்கச் சொன்னேன். கோன் கழன்றது, கதவின் மேல் கீலும் கழன்றது. கதவு இப்போது தென்னங்கயிற்றில் தொங்குகிறது. கிரீசுக்கும் நான் கடைக்குப் போகவில்லை. கோயிலில் கேட்டு வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொட்டாங்குச்சியில் போட்டு, விளக்கெண்ணெய் விட்டு உருக்கிக் குழம்பு செய்தேன். மந்திரித்த மெழுகு என்பதால் திருட்டுக்கும் ஒரு காவலாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இனிமேல்தான் விஷயம். குண்டுகளைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால், கோன் எலி கடித்த தேங்காய்ச்சில்லு மாதிரி அரித்துப்போயிருந்தது. சந்தேகத்துக்கு முன்சக்கரத்தையும் பிரித்தேன். அது பழுது இல்லாமல் பளபளவென்று இருந்தது. ஒரே சைக்கிளில் பின்சக்கரம் மட்டும் ஊர் சுற்றிவிட்டு வருமா? சர்க்கஸ்காரன்கூட அப்படி ஓட்டமாட்டான். இதை யோசித்துத் தலை சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், அச்சைச் சுற்றி இறுகியிருந்த ஒரு நூல் கையில் சிக்கியது. இழுத்தேன், வந்தது. இன்னும் இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. அரக்கு நிறப் பட்டு இழை.

இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் மச்சான். பின்சக்கரம் மட்டும் ஏன் தேய்ந்தது என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. பின்னால் பாரம். கேரியரில் யாரோ உட்கார்ந்து போகிறாள், அதுவும் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு. அவளுடைய முந்தானை சக்கரத்தில் சிக்கி இழை பிரிந்திருக்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொன்னதும் உங்கள் தங்கை முகம் வெளுத்து, கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டாள். அண்ணன் மகன் என்ற பாசம், பாவம், தாங்க முடியவில்லை. செல்வி மட்டும், "ஆரணியில பட்டு இழை ஒட்டாத பொருள் எதுப்பா கீது? உங்க சட்டையிலயே ஒண்ணு ஒட்டிகினு கீது பாருங்க," என்றாள். இந்தப் பெண் இவ்வளவு வெகுளியாக இருக்கிறாளே என்று சட்டையைத் தட்டிக்கொண்டே வருத்தப்பட்டேன்.

நேற்று மத்தியானம் நான் வாசகசாலைக்குப் போகிற மாதிரி போய், பாதியில் திரும்பி வந்து கிருபாகரனைச் சாப்பாட்டில் பிடித்தேன். இழையைக் காட்டி, இது எப்படி என் ஹப்புக்குள் வந்தது என்று கேட்டேன். "தெரியாதுங்க மாமா," என்று சொல்லிவிட்டு அவன் செல்வியைப் பார்த்தான். செல்வி தரையைப் பார்த்தாள். கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்தேன். ஃபைல் புரட்டுகிறவன் விரலில் தையல் மிஷின் எண்ணெய் வாசனை. அதோடு விடவில்லை. துடைத்து வைத்த குண்டுகளில் ஒன்று குறைந்தது. சட்டைப்பையைக் காட்டச் சொன்னேன். காட்டினான். கைக்குட்டையை உதறச் சொன்னேன். உதறினான். குண்டு இல்லை. அவன் எழுந்து, "நான் வர்றேங்க அத்தை," என்று சொல்லிக் கைகழுவிக்கொண்டு போய்விட்டான். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. குற்றமற்றவன் சோற்றை விட்டுவிட்டுப் போவானா? மிச்சக் குண்டுகளை என் மெழுகுக் குழம்பில் பதித்து, சக்கரத்தை நானே பூட்டி நிறுத்தினேன்.

ஆகவே மச்சான், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன். மாமன் மகன், அத்தை மகள் என்பதால் ஆயர் இல்லம் வரை நடந்து நாம் வாங்கிய அனுமதி பெட்டியிலேயே இருக்கட்டும். வருகிற ஞாயிறு இவர்கள் கலியாண அறிவிப்பின் முதல் ஓலை கோயிலில் வாசிப்பதாக இருக்கிறது. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பங்குசாமியாரைப் பார்த்து, வாசிக்க வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. இதனால் நமக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனாலும் கிறிஸ்மஸ் பலகாரம் எப்போதும்போல வந்து சேரும்.

எல்லாப் பரிசுத்தரும் உங்கள் வீட்டைக் காக்கவும், மாடு நன்றாகக் கறக்கவும் வேண்டிக்கொள்ளும்,

அன்பு மைத்துனன்
அ. இன்னாசிமுத்து
தலைமையாசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் நம்ப வேண்டாம். கவரை ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, தபால்பெட்டி வரை போய்விட்டேன். விலாசம் சரிதானா என்று பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடினால் அது வீட்டில். திரும்பி வந்தேன். கதவுதான் கயிற்றில் தொங்குகிறதே, சத்தமில்லாமல் திறந்தது. பின்கட்டில் கரகரவென்று அதே சத்தம். மறைந்து நின்று பார்த்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. செல்வி பெடலைக் கையால் சுற்றுகிறாள். பின்டயரின் பக்கத்தில், டைனமோ இருக்கிற இடத்தில், அதைக் கழற்றிவிட்டு ராட்டைக் கதிர் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். டயரில் உரசிக் கதிர் சுழல, நெசவுக்கு வேண்டிய ஊடை நூல், தார் என்பார்களே அது, விறுவிறுவென்று அதில் சுற்றிக்கொள்கிறது. உங்கள் தங்கை அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கிறாள். கோபித்துக்கொண்டு போனான் என்று நான் நினைத்த உங்கள் மகன் மண்டியிட்டு உட்கார்ந்து, ஹப்புக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான். இழை அரக்கு நிறம். அந்த நிறத்தைப் படித்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் செல்விக்காக அய்யாக்கண்ணுவிடம் நெய்யச் சொன்ன கூறைப்புடவை அதுதானாம். ரங்கம்மாள் கை முறிந்ததிலிருந்து அந்தத் தறிக்குத் தார் சுற்ற ஆள் இல்லை. தறி நின்றால் தை மாதக் கலியாணத்துக்குள் புடவை வராது. என் வீட்டில் ராட்டை வைக்க என் வாய் விடாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

என்னைப் பார்த்ததும் மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உங்கள் தங்கைதான் முதலில் பேசினாள். "நீங்களும் ஏற மாட்டேன்றீங்க, யாரையும் ஏறவும் வுட மாட்டேன்றீங்க. அது சும்மாதானே நின்னுகினு கீது. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு உழைக்கட்டுமேன்னு நெனச்சேன்," என்றாள். உங்கள் மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாயிருந்தது. நேற்றுச் சோற்றைப் பாதியில் விட்டவனை இன்று நானே பக்கத்தில் உட்கார்ந்து, பிய்ந்த தோசைதான் என்றாலும், வயிறாரச் சாப்பிட வைத்தேன். காணாமல்போன குண்டு, கொட்டாங்குச்சியின் அடியில் உறைந்த என் மெழுகுக்குள் இருந்தது. ஞாயிறு ஓலை எப்போதும்போல வாசிக்கப்படும்.

இப்போது பெடலைச் சுற்றுவது நான்தான். ஒரே ஒரு தொல்லை. என் மெழுகுக் குழம்பு பனிக்கு இறுகி, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடறுகிறது. இடறினால் இழை அறுகிறது. நான் முகம் சுளித்தால் செல்வி, "வுடுங்கப்பா, அந்த முடிச்செல்லாம் எங்கப்பா போட்டதுன்னு கட்டிக்குவேன்," என்கிறாள். அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கையில் விளக்கெண்ணெய் இருந்ததால் இன்னும் எரிகிறது.

கடிதத்தைக் கிழித்துப்போடலாம்தான். ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. தவிர, தோசைத் திருப்பியில் ஸ்பேனர் செய்யும் முறை உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால், கவரைச் சட்டி ஆவியில் பிரித்து இதையும் சேர்த்து அனுப்புகிறேன். அந்தப் பகுதியை மட்டும் படித்துக்கொண்டு மற்றதைப் படிக்காமல் விடவும். படித்தீர்களா இல்லையா என்பதை ஓலை வாசிக்கிற அன்று கோயிலில் உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். வரும்போது தேசூர் கடையில் ஒரு கோன் ஸ்பேனரும், உங்கள் தங்கைக்கு ஒரு தோசைத் திருப்பியும் வாங்கி வரவும். ஸ்பேனர் எதற்கு என்று வழியில் முருகேசன் கேட்டால் சொல்ல வேண்டாம்.