ஐஸ் அண்ணை வண்டியை விட்டு இறங்கியது

ஐஸ் ஹொக்கி மண்டபத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு ஐஸ் ஹொக்கியை இவ்வளவு வெறுத்த மனிதர் ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஐஸ் அண்ணை, அவ்வளவுதான். ஐஸை வழித்துத் தண்ணீர் விட்டு மினுக்கும் வண்டியை ஓட்டுபவர். பிராங்பேர்ட் பக்கத்தில் அதே மண்டபத்தில் நான் சொசேஜ் விற்றேன்.

"பாத்தியே தங்கச்சி! இப்பதான் துடைச்சு விட்டனான். அதுக்கிடையில உழுதுபோட்டாங்கள்!"

"அண்ணை, அது விளையாடத்தானே?"

"தலைமயிர் வெட்டவே டெர்மின் எண்டு முன்கூட்டி நேரம் எடுக்கச் சொல்லுற நாடு. என்ரை ஐஸில ஏற மட்டும் ஒண்டும் வேண்டாமே?"

ஆயுதபூசைக்கு வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். அழுக்கென்று நினைத்து மண்டபப் பொறுப்பாளர் அதைத் துடைத்துவிட, மூன்று நாள் அந்த மனிதரோடு பேச்சில்லை.

போன வருடம் பதினெட்டு வயதுக்குட்பட்ட தேசிய அணிகளின் சுற்றுப்போட்டி எங்கள் மண்டபத்துக்கு வந்தது. இறுதியாட்டம் தொலைக்காட்சியில் போகும் என்றதும் அண்ணை புதுச் சேட்டு வாங்கினார்.

"கனடாவில தம்பி பாப்பான். கொம்பியூட்டர் வேலை எண்டு பீத்துறவன், என்ரை ஐஸைப் பாக்கட்டும்!"

போட்டி தொடங்கிய அன்றே ஐஸின் அழகு பார்த்து வண்டியை இரண்டு சுற்று அதிகமாக ஓட்டினார். ஆட்டம் பிந்தியது. "இன்னொரு தடவை பிந்தினால் இறுதியாட்டத்துக்கு வேறு ஆள்" என்று பொறுப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அரையிறுதியில் ஒரு சின்ன நாடு கடைசி நிமிடத்தில் தோற்றது. அணி உள்ளே போய்விட்டது. கோல் காத்த பையன் மட்டும் ஐஸிலேயே குந்தியிருந்து அழுதான். பயிற்சியாளர் கூப்பிட்டும் எழும்பவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு நேரம் நெருங்குகிறது. அண்ணையின் வண்டி வந்து நின்றது. பொறுப்பாளர் மணிக்கூட்டைக் காட்டிக் கத்துகிறார்.

அண்ணை சப்பாத்தோடு இறங்கினார். இரண்டே அடி. தொபுக்கடீர்!

"ஐயோ, என்ரை இடுப்பு!"

பையன் அழுகையை மறந்து ஓடிவந்து தூக்கினான். இரண்டுபேரும் சேர்ந்து விழுந்தார்கள். மண்டபமே சிரித்தது. கடைசியில் அவனும் சிரித்துவிட்டான்.

"வா ராசா, குளிருது, போவம்" என்றார் அண்ணை, சுத்தத் தமிழில். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில் வெளியே வந்தார்கள். ஆட்டம் பத்து நிமிடம் பிந்தியது.

இறுதியாட்டத்துக்கு வேறு ஒருவன் வண்டி ஓட்டினான். அண்ணை புதுச் சேட்டோடு என் கடையடியில் நின்றார். கனடாவிலிருந்து போன் அடித்தது. பார்த்தார், எடுக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு ஹோர்ன் அடிச்சிருந்தா அவன் எழும்பியிருப்பானே! ஏன் அண்ணை இறங்கினனீங்கள்?"

"அழுகிற பிள்ளைக்கு ஹோர்ன் அடிக்கிறதே, தங்கச்சி?"

போன் திரும்பவும் அடித்தது. இந்த முறை பறித்து நானே எடுத்தேன். "தம்பி, வண்டியில இருக்கிறது உங்கட அண்ணை இல்லை. ஏனெண்டு சொல்லுறன், வைச்சிடாதேங்கோ" என்றேன்.